ஒன்பதாம் நம்பர் மட்டும் ஓடவில்லை

2007-ஆம் வருடம், ஆயுத பூஜை நாள். ஓசூரில் கர்நாடக எல்லையை ஒட்டியிருந்த ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை. காலை பத்தே முக்கால் மணிக்கு, கண்ணாடி போட்ட ஒரு சின்ன கேபினில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் மவுஸை ஒரே ஒரு தடவை அழுத்தினேன். அதற்குப் பிறகு அன்று முழுக்க நான் பட்ட பயத்தை வீட்டில்கூட யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்காக ஓசூர் வந்தவள். கம்பெனி என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டாலும், அது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பேக்கரியின் மாடியில் இரண்டே இரண்டு அறை. முதலாளி, நான், இன்னும் இரண்டு பேர். மத்தியானம் மூன்று மணிக்குக் கீழேயிருந்து பன் வேகும் வாசனை வந்துவிட்டால் யாருக்கும் வேலை ஓடாது.

நாங்கள் செய்தது டிபன் பாக்ஸ் அளவில் ஒரு சின்னப் பெட்டி. அந்தத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மிக்சர்கள் இருந்தன. நம் சமையலறை மிக்ஸி மாதிரிதான், ஆனால் நெஞ்சு உயரம் இருக்கும். பெரிய டிரம்முக்குள் அடியில் பிளேடு சுற்றும். பிளாஸ்டிக் மணிகளையும் கலர் பொடியையும் அதில் கொட்டிக் கலக்குவார்கள். அதுவரை ஒவ்வொரு மிக்சரையும் ஆள் நடந்துபோய்த்தான் போட வேண்டும். எங்கள் பெட்டியை மாட்டிவிட்டால், கேபினில் உட்கார்ந்தபடியே எந்த மிக்சரை வேண்டுமானாலும் ஓடவிடலாம், நிறுத்தலாம்.

பன்னிரண்டு பெட்டிக்கும் சேர்த்து ஒரே ஒயர்தான். கேபினிலிருந்து போகும் உத்தரவு எல்லாப் பெட்டிகளுக்கும் கேட்கும். அப்படியானால் வேறு மிக்சர் ஓடிவிடாதா என்று கேட்பீர்கள். அதற்குத்தான் சாவி. இரும்புச் சாவி இல்லை, நீளமான ஒரு ரகசிய எண். கரண்ட் வரும்போதெல்லாம் ஒவ்வொரு பெட்டியும் தனக்கென்று ஒரு புது எண்ணைத் தானே உருவாக்கி, கேபின் கம்ப்யூட்டருக்கும் சொல்லிவிடும். மூன்றாம் நம்பர் சாவியால் பூட்டி அனுப்பிய உத்தரவை மூன்றாம் நம்பர் பெட்டிதான் திறக்க முடியும். மற்ற பதினொன்றும் அதைக் கண்டுகொள்ளாது. எங்கள் முதலாளி இதைச் சொல்லிச் சொல்லித்தான் ஆர்டர் பிடித்தார்.

இந்தப் பூட்டு, சாவி வேலையை நாங்கள் சொந்தமாக எழுதவில்லை. எங்கெங்கோ இருக்கும் யார் யாரோ சேர்ந்து எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் இலவசமாக வைத்திருந்த லைப்ரரி அது. லைப்ரரி என்றால் மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும் ஒரு புரோகிராம் மூட்டை. அதை மூன்று இடங்களில் ஓடவைப்பது என் பொறுப்பு. ஆபீசில் இருந்த லினக்ஸ் கம்ப்யூட்டர், தொழிற்சாலை கேபினில் இருந்த விண்டோஸ் கம்ப்யூட்டர், அப்புறம் இந்தக் குட்டிப் பெட்டி.

லினக்ஸில் சொன்னதும் ஓடியது. விண்டோஸில் பத்து நாள் இழுத்தது. இந்த ஃபைல் இல்லை, அந்த ஃபைல் இல்லை என்று திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் எரர். ஒன்றைச் சரிசெய்தால் இரண்டு முளைக்கும். பெட்டி அதைவிட அழிச்சாட்டியம். அதற்குள் இருந்த சிப், எண்களைத் தலைகீழ் வரிசையில் வைத்துக்கொள்ளும் ரகம். கம்ப்யூட்டர் பூட்டி அனுப்பியதைப் பெட்டி திறந்தால் வெறும் குப்பையாக வந்தது. காரணம் இதுதான் என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் ஒரு வரியை மாற்றிவிட்டு மொத்தத்தையும் திரும்பக் கம்பைல் செய்ய, அதாவது மிஷினுக்குப் புரியும் மொழிக்கு மாற்ற, நாற்பது நிமிடம் பிடிக்கும். கீழே போய் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், முப்பத்தொன்பதாவது நிமிடத்தில் நின்றுபோயிருக்கும். எனக்குப் பொறுமை கம்மி. அந்த மாதம் கீபோர்டை நான் குத்திய குத்தில் இரண்டு பட்டன் பெயர்ந்து வந்துவிட்டது.

கடைசியில் ஒரே ஒரு எரர் மிச்சமிருந்தது. சாவி உருவாக்கச் சொன்னால் பெட்டி மறுத்தது. போதுமான தற்செயல் இல்லை, அதனால் சாவி தரமாட்டேன் என்பது அந்த எரரின் அர்த்தம். ஒரு எண்ணை யாரும் ஊகிக்க முடியாமல், வேறு எந்தச் சாவியோடும் ஒத்துப்போகாமல் உருவாக்க வேண்டும் என்றால், தற்செயலாக நடக்கும் ஏதாவது ஒன்று அதற்கு வேண்டும். பெரிய கம்ப்யூட்டர் என்றால் நாம் மவுஸை ஆட்டுவதிலிருந்தும் கீபோர்டில் தட்டுவதிலிருந்தும் அதைச் சேர்த்துக்கொள்ளும். சுவரில் தொங்கும் பெட்டிக்கு அதெல்லாம் ஏது?

அந்த லைப்ரரியை எழுதுகிறவர்கள் பேசிக்கொள்ளும் மின்னஞ்சல் குழு ஒன்று இருந்தது. அதில் என் எரரைப் போட்டு, இதை எப்படிப் போக்குவது என்று கேட்டேன். மறுநாளே, முகம் தெரியாத ஒருவர் இரண்டு வரியில் பதில் போட்டிருந்தார். அது பழுது இல்லை, அது தன் வேலையைத்தான் செய்கிறது, அதன் வாயை அடைக்காதே, அதற்குத் தேவையானதைக் கொடு என்று எழுதியிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. உபதேசம் பண்ண வந்துவிட்டார் என்று நினைத்தேன். ஆயுத பூஜைக்குப் பெட்டியை ஓட்டிக் காட்டுவதாக எங்கள் முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். நான்கு நாள்தான் பாக்கி.

மறுக்கச் சொல்லும் வரிகள் மூன்று. மூன்றுக்கும் முன்னால் இரண்டிரண்டு கோடு போட்டேன். எங்கள் தொழிலில் அப்படிக் கோடு போட்டால், அந்த வரி இருந்தும் இல்லாத மாதிரி. தற்செயலுக்குப் பதிலாக மணி, நிமிடம், நொடியைக் கொடுத்தேன். கரண்ட் வந்ததும் கேபின் கம்ப்யூட்டர் அனுப்பும் மணியைப் பெட்டி வாங்கிக்கொள்ளும், அதை வைத்துச் சாவி செய்யும். எரர் போயே போய்விட்டது. ஆபீசில் இருந்தது ஒரே ஒரு பவர் ஒயர். பெட்டிகளை ஒவ்வொன்றாக அதில் சொருகிப் பார்த்தேன். பன்னிரண்டு பெட்டி, பன்னிரண்டு வேறு வேறு சாவி. அன்று சாயங்காலம் எல்லோருக்கும் என் செலவில் பன் வாங்கிக் கொடுத்தேன்.

பெட்டி மாட்டப் போன அன்றுதான் அந்த இரண்டு பேரைப் பார்த்தேன். ஒருவர் அந்தத் தொழிற்சாலையின் ஃபிட்டர். பக்கத்துத் தளி ஊர்க்காரர், வீட்டில் கன்னடம், என் வயதுதான் இருக்கும். இன்னொருவர் ஒன்பதாம் நம்பர் மிக்சரில் வேலை செய்யும் அக்கா. சிங்காரப்பேட்டையிலிருந்து வந்து ஓசூரில் வாடகை வீட்டில் இருந்தவர். மிக்சருக்குள் கைவிட்டு ஒட்டியதைச் சுரண்ட வேண்டும் என்றால் அந்த அக்கா முதலில் ஃபிட்டரைக் கூப்பிடுவார். ஃபிட்டர் வந்து அந்த மிக்சரின் மூன்று ஃபியூஸையும் உருவித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ், மிக்சர் மோட்டாருக்கு மட்டுமானது; எங்கள் பெட்டிக்குத் தனி லைன். உடனே அக்கா கேட்பார்: "பாக்கெட்டா?" ஃபிட்டர் பதில் சொல்லாமல் பாக்கெட்டை இரண்டு தட்டு தட்டுவார். டக் டக்கென்று பீங்கான் சத்தம் கேட்ட பிறகுதான் அக்காவின் கை டிரம்முக்குள் போகும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இனிமேல் இதெல்லாம் தேவையில்லை, கேபினில் அந்த நம்பரை அழுத்தினால் ஒழிய எதுவும் ஓடாது, ஒரு சாவி இன்னொன்றுக்குச் சேரவே சேராது என்று நின்று விளக்கினேன். கொஞ்சம் மிதப்பாகத்தான் சொன்னேன்.

"இருக்கட்டும் மேடம். பொட்டி வேலய பொட்டி பாக்கட்டும், நான் என் வேலய பாத்துக்கறேன்" என்றார் ஃபிட்டர்.

"பழகிப்போச்சு மேடம். இவரு தட்டலன்னா எனக்கு உள்ள கை போவாது" என்று அக்காவும் சிரித்தார்.

மறுநாள் கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் ஆறு பெட்டி மாட்டினோம். அங்கேயும் இதையே சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு இடத்திலும் பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கவில்லை. பூஜை முடிந்து நல்ல நேரத்தில் மெயின் போடும்போதுதான் பெட்டிக்கும் உயிர் வரவேண்டும் என்று இரண்டு முதலாளிகளும் ஒரே மாதிரி சொன்னார்கள். நம் பக்கத்தில் வழக்கம்தானே, நானும் தலையாட்டினேன்.

ஆயுத பூஜையன்று சனிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் முடிந்தது. ஷெட் முழுக்கக் கழுவி, பன்னிரண்டு மிக்சருக்கும் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. கேபின் கம்ப்யூட்டரையும் விட்டுவைக்கவில்லை. மானிட்டர் கண்ணாடியில் வலது பக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் பூசி நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, தொழிற்சாலை முதலாளி தன் கையால் மெயின் சுவிட்சைப் போட்டார். பெட்டிகளில் பன்னிரண்டு பச்சை விளக்கும் ஒன்றாக எரிந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் புல்லரித்தது.

"மேடம், உங்க கையாலயே ஆரம்பிங்க" என்றார் முதலாளி. கேபினில் போய் உட்கார்ந்தேன். திரையில் பன்னிரண்டு வரிசை. ஒன்றாம் நம்பரை அழுத்தினேன்.

எல்லா மிக்சர்களும் ஓடின.

ஒரே உறுமல். கண்ணாடி அதிர்ந்தது. வெளியே ஜனங்கள் துள்ளி விலகுவது தெரிந்தது. மாலைகள் பிய்ந்து பறந்தன. என் கண் ஒவ்வொரு மிக்சராகத் தாண்டிப்போய் ஒன்பதில் நின்றது. அந்த அக்கா டிரம்மின் விளிம்பில் வயிற்றை அழுத்தி, தோள் வரைக்கும் வலது கையை உள்ளே விட்டுக் குனிந்திருந்தார். தலையும் உள்ளேதான் இருந்தது. புடவை முதுகு மட்டும் தெரிந்தது.

நான் கத்தினேனா என்று எனக்குத் தெரியாது. நிறுத்து என்பதை எப்படி அழுத்தினேன் என்பதும் நினைவில்லை. உத்தரவு போய் எல்லாமே நின்றன. நான் நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஊரில் சைக்கிள் செயினில் விரல் மாட்டிய தங்கையின் கை ஞாபகத்துக்கு வந்தது. எழுந்து கண்ணாடி வழியாகப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. உள்ளதைச் சொல்கிறேன், கண்ணை மூடிக்கொண்டேன்.

எழுந்து கண்ணைத் திறந்து பார்த்தபோது அக்கா நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். கை இருந்தது. கையில் ஒரு சாமந்தி மாலை இருந்தது. மூடியில் மாட்டிய மாலை டிரம்முக்குள் விழுந்துவிட்டதாம், எடுக்கக் குனிந்திருக்கிறார். பக்கத்தில் ஃபிட்டர், ஒரு கையால் பாக்கெட்டை அழுத்திப் பிடித்தபடி வெளுத்துப்போய் நின்றார். பதினொரு மிக்சர்தான் ஓடியிருக்கிறது. ஒன்பது ஓடவில்லை.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. தொழிற்சாலை முதலாளி சிரித்துக்கொண்டே கேபினுக்குள் வந்தார். "அத்தனையும் ஒரே டைம்ல! சர்ப்ரைஸா மேடம்? சூப்பர்" என்று கையில் லட்டுத் தட்டைக் கொடுத்தார். பூஜைக்காக நான் வேண்டுமென்றே ஏற்பாடு செய்தது என்று நினைத்துவிட்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை. லட்டை வாங்கிக்கொண்டேன்.

அவர் வெளியே போய் ஃபிட்டரைப் பிடித்துக்கொண்டார். "ஒன்பது ஏன்யா ஓடல? நல்ல நேரத்துல ஃபியூஸ புடுங்கி வெச்சிருக்கியே, அறிவிருக்கா?" ஃபிட்டர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு கையைக் காப்பாற்றியவர் திட்டு வாங்குகிறார், அதை வெட்ட இருந்தவள் லட்டோடு நிற்கிறேன்.

அந்த அக்கா என்னிடம் வந்தார். "மேடம், ஃபியூஸு வாணாம்னு நீங்க அன்னிக்கே சொன்னீங்க. நான்தான் கேக்காம புடுங்கச் சொல்லிட்டேன். என்னால உங்க மிஷினு ஒண்ணு ஓடாமப் போச்சு. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

அவர் போனதும் என்ன செய்கிறேன் என்று தெரியாமல் மானிட்டரில் இருந்த சந்தனத்தைக் கட்டைவிரலால் துடைத்தேன். ஒவ்வொரு பெட்டியின் சாவிக்கும் அடையாளமாக எட்டு எழுத்து அந்தப் பக்கம்தான் தெரியும். சந்தனத்துக்குக் கீழே பன்னிரண்டு வரிசையிலும் அதே எட்டு எழுத்து. ஒன்றுகூட மாறவில்லை. ஆபீசில் ஒவ்வொன்றாகச் சொருகியதால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மணி கிடைத்தது. இங்கே ஒரே மெயின், ஒரே நொடி, அதனால் ஒரே சாவி. வாயை அடைக்காதே என்று அந்த முகம் தெரியாத மனிதர் எழுதியது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கூடவே இன்னொன்றும் உறைத்தது. கிருஷ்ணகிரி. ஆறு பெட்டி. அங்கே எமகண்டம் கழிந்து மூன்று மணிக்குப் பூஜை என்று சொல்லியிருந்தார்கள்.

போன் அடித்தேன். அந்த ஆபீஸ் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. எங்கள் முதலாளி பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தார். அவருக்கு அடித்தேன், நான்காவது முறை லைன் கிடைத்தது. நடந்ததைச் சொன்னேன். "அங்க யார்கிட்டயும் வாயத் தொறக்காத. கிருஷ்ணகிரிக்கு நாளைக்குப் போய் சத்தமில்லாம மாத்திக்கலாம்" என்றார். சரி என்று சொல்லித்தான் போனை வைத்தேன். உண்மையில் எனக்கும் அதுதான் ஆசையாக இருந்தது. வெளியே அமைதியாக இருந்திருந்தால் அப்படியே செய்திருப்பேன். ஆனால் வெளியே ஃபிட்டர் இன்னும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

போய்ச் சொல்லிவிட்டேன். சர்ப்ரைஸ் இல்லை சார், தப்பு நடந்துவிட்டது, தப்பு என்னுடையது, இவர் ஃபியூஸை எடுக்கவில்லை என்றால் அக்காவுக்குக் கை இருந்திருக்காது என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. தொழிற்சாலை முதலாளியின் முகம் மாறியதை நான் மறக்கமாட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை, அக்காவின் கையைத் திரும்பிப் பார்த்தார். அக்கா அதுவரை நின்றிருந்தவர், சுவரோடு சரிந்து உட்கார்ந்து அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

பண்டிகை நாளில் பஸ் எல்லாம் தொங்கிக்கொண்டு போகும். கிருஷ்ணகிரிக்கு எப்படிப் போவது என்று நான் விழித்தபோது, "பைக் இருக்குது மேடம், வாங்க" என்றார் ஃபிட்டர். கொஞ்சம் முன்பு நான் நடத்திய கூத்துக்கு அவர் என் முகத்தில் விழிக்காமல் இருந்திருந்தாலும் தப்பில்லை.

சூளகிரி தாண்டும்போது தூறல் பிடித்தது. வழியெல்லாம் லாரிகளுக்கு வாழைக்கன்று கட்டி, மாலை போட்டுப் பொட்டு வைத்திருந்தார்கள். கூழ்த் தொழிற்சாலையில் ஆறு பெரிய ஸ்டீல் தொட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் கூழைக் கிண்டும் துடுப்பு உண்டு. சீசன் முடிந்துவிட்டதால் தொட்டி கழுவும் நேரம். தொட்டியை வெளியே நின்று கழுவ முடியாது, ஆள் உள்ளே இறங்க வேண்டும். பூஜை மூன்று மணிக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

பாதி வழியில் ஃபிட்டர் தலையைத் திருப்பாமல் கேட்டார். "அந்த எரரு எதுக்கு மேடம் வந்துச்சு?"

தேவையானது போதவில்லை, அதனால் சாவி தரமாட்டேன் என்று சொன்னது என்றேன்.

"போதலன்னு அது சொல்லிச்சு. நீங்க அத்த பேசாம இருன்னுட்டீங்க."

ஆமாம் என்றேன்.

ஒன்றேகால் மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் உடைத்த பூசணிக்காய் கிடந்தது. யாரோ விருந்தாளி வருகிறார் என்று பூஜையைக் காலையிலேயே முடித்துவிட்டார்களாம். மெயின் போட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஆறு பச்சை விளக்கும் எரிந்தன. அப்போதுதான் இலைச் சாப்பாடு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு கேபின்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். "வாங்க மேடம், உங்களுக்காகத்தான் போடாம வெச்சிருக்கேன். ஒண்ணாம் நம்பர் காலியா இருக்குது, போட்டுப் பாத்துரலாமா?" என்று மவுஸைப் பிடித்தார்.

"தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் மவுஸை விட்டுவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

அந்த அமைதியில் ஷெட்டுக்குள்ளிருந்து தேய்க்கும் சத்தம் வந்தது. கரக் கரக்கென்று பிரஷ் போடும் சத்தம். நான்காம் தொட்டியிலிருந்து. எட்டிப் பார்த்தேன். இரண்டு பெண்கள் உள்ளே துடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் குந்தி உட்கார்ந்து, ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே தேய்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், வேலையைச் சோதிக்க வந்தவள் என்று நினைத்தோ என்னவோ, சிரிப்பை நிறுத்திவிட்டு வேகமாகத் தேய்த்தார்கள்.

ஃபிட்டர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேராகப் பேனலுக்குப் போனார். ஒவ்வொன்றாக உருவினார். ஆறு மூன்று பதினெட்டு ஃபியூஸ். பாக்கெட் கொள்ளவில்லை. ஹெல்மெட்டைத் திருப்பிப் பிடித்து அதில் போட்டுக்கொண்டார். நான்காம் தொட்டிக்கு வந்து ஹெல்மெட்டை ஒரு குலுக்குக் குலுக்கினார். பீங்கான் சத்தம் கேட்டு அந்தப் பெண்கள் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள்.

ஆள் தொட்டிக்குள் இருக்கும்போது ஃபியூஸை ஏன் எடுக்காமல் விட்டீர்கள் என்று கேபின்காரரைக் கேட்டேன். என் குரலில் கோபம்கூட இருந்தது. அவர் பாவம், குழம்பிப்போய் என்னையே பார்த்தார்.

"நீங்கதானே மேடம் இனிமே தேவையில்லன்னு சொன்னீங்க?"

ஷெட்டுக்கு வெளியே வந்து குழாயடியில் வாந்தி எடுத்தேன். காலையில் தின்ற லட்டு அப்படியே வந்தது.

இரண்டு இடத்திலிருந்தும் பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு வந்தோம். எங்கள் முதலாளி ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலையை விட்டு அனுப்பவில்லை, அதுவே பெரிய விஷயம். அந்த மூன்று வரிகளுக்கு முன்னால் நான் போட்ட கோடுகளை நானே அழித்தேன். பெட்டிக்குத் தேவையான தற்செயலைக் கொடுக்கத் தனியாக ஒரு சின்னச் சர்க்யூட் போட இரண்டு மாதம் ஆயிற்று. அந்தக் குழுவுக்கு மறுபடி எழுதி, நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, உங்கள் பேச்சைக் கேட்காமல் போனேன் என்று மன்னிப்புக் கேட்டேன். அந்த அக்கா இப்போது நன்றாக இருக்கிறாரா என்று மட்டும் அந்த முகம் தெரியாதவர் திருப்பிக் கேட்டிருந்தார்.

திரும்பப் பெட்டி மாட்ட ஓசூர் தொழிற்சாலைக்குப் போனபோது நான் எந்த விளக்கமும் சொல்லவில்லை. ஒன்பதாம் நம்பரில் அந்த அக்கா நின்றார், என்னைப் பார்த்துச் சிரித்தார். பெட்டியை மாட்ட மிக்சருக்குப் பின்னால் நான் கையை விட வேண்டியிருந்தது. விடுவதற்கு முன்னால் திரும்பி ஃபிட்டரைப் பார்த்து, "பாக்கெட்டா?" என்று கேட்டேன். அவர் இரண்டு தட்டு தட்டினார்.

இப்போது எனக்குக் கீழே ஏழெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். எரர் போயிடுச்சு மேடம் என்று யாராவது முகம் மலர வந்து நின்றால், எப்படிப் போச்சு என்று கேட்காமல் விடமாட்டேன். சந்தேகப் பிராணி என்று எனக்குப் பின்னால் பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும். என்னை முழுசாக நம்பிய ஊரில் இரண்டு பெண்கள் சிரித்துக்கொண்டே துடுப்பின் அடியில் உட்கார்ந்திருந்தார்கள். என்னை நம்பாமல் பாக்கெட்டைத் தட்டிக் கேட்ட இரண்டு பேரால்தான், ஒரு பெண்ணின் கையைப் பறித்தவள் என்ற பெயர் இல்லாமல் இன்று நான் தூங்கி எழுகிறேன்.